ஏலம் போன ஓவியங்களும் எஞ்சிய பட்டியல்களும்

"ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்!" என்னும் குரலைக் கேளாத தமிழர் இரார். கோயில் தோப்பின் குத்தகையாயினும், ஏரி மீனாயினும், மீட்கப்படாத அடகு நகையாயினும், அக்குரல் மூன்றாம் முறை ஒலித்ததும் பொருள் கைமாறிவிடுகிறது. நம் ஊர்களில் 'ஏலம்' என வழங்கும் இச்சொல் போர்த்துக்கீசியர் வழியாக நம்மை வந்தடைந்தது. அவர்கள் மொழியில் ஏலத்தைக் குறிக்கும் 'லெய்லாவ்' என்ற சொல்லே தமிழில் ஏலமாயிற்று. நாம் குடியேறி வாழும் இவ்வடபுலத்தில் அதுவே 'நீலாம்' ஆயிற்று. அவர்களோ அதனை 'அறிவித்தல்' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பெற்றனர் என்பர். ஆகவே ஊரில் நாம் கேட்ட ஏலமும், இங்குக் கடைவீதியில் கேட்கும் நீலாமும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளே.

அறிவித்தல் என்னும் அப்பழம்பொருளை நாம் மறந்துவிட்டோம். ஏலம் என்றதும் நம் நினைவிற்கு வருவன விலையும் விற்பனையும், ஒரு குடும்பம் நொடித்துப்போன துயரமுமே. ஆயினும் ஏலம் நடைபெறுவதற்கு முன் பொருள்களை எண்ணி, எழுதி, ஊரறியச் சொல்லியாக வேண்டும் அன்றோ? மேலை நாடுகளின் பழம்பெரும் ஓவியங்கள் சென்ற நூற்றாண்டுகளில் ஏலம் போன வரலாற்றைப் பயிலுங்கால் நமக்கு ஒன்று தெளிவாகின்றது. ஏலக்குரல் பொருள்களைச் சிதறடித்தது. அந்த ஏலத்திற்காக எழுதப்பட்ட பட்டியலோ அவற்றைச் சேர்த்து வைத்தது. பிறந்த வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு இதில் கற்றுக்கொள்ளத்தக்கது உண்டு. ஆதலின் அவ்வரலாற்றின் சில பக்கங்களை நம் விழா மலரில் விரித்துக் காட்ட முற்படுகின்றோம்.

மெழுகுவத்தியும் மன்றமும்

பழைய ஏலமுறைகள் பலவகைப்பட்டன. உரோமாபுரியில் மண்ணில் ஈட்டியொன்றை நட்டு, அதன் கீழ் ஏலம் கூறினர். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெழுகுவத்தி ஏலம் என்றொரு வழக்கம் இருந்தது. சிறு மெழுகுவத்தித் துண்டொன்றை ஏற்றிவைப்பர். அது அணையும் முன் யார் கடைசியாகக் கேட்டனரோ அவருக்கே பொருள். கடற்படை அலுவலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பீப்ஸ் என்பார் 1662 செப்டம்பரில், இவ்வாறு கப்பல்கள் ஏலம் போனதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் மட்டும் சரியான நொடியில் விலை கேட்டு வென்றுகொண்டே இருந்தாராம். அதன் மருமம் யாதென வினவியபோது, சுடர் அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைக் கண்டதும் கேட்டுவிடுவேன் என்று அவர் விடை கூறினாராம். பொருளின் மதிப்பை அறிந்தவர் அங்கு வெல்லவில்லை. புகையின் போக்கை அறிந்தவரே வென்றார். ஏல விலையைக் கொண்டு ஒன்றன் உண்மைப் பெருமையை அளக்க முற்படுவோர் இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்தல் நலம்.

ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலோ ஏலமுறை மிகச் செம்மையாக அமைந்திருந்தது. பெற்றோரை இழந்த சிறார்களின் உடைமையைக் காக்க அந்நகரில் ஒரு மன்றம் இருந்தது. கடன்பட்டு நொடித்தவர்களின் உடைமையைக் கணக்கிட்டுக் கடன்காரர்களுக்குப் பங்கிட மற்றொரு மன்றம் இருந்தது. இம்மன்றங்களின் எழுத்தர்கள் வீட்டுக்கே வந்து, அறை அறையாகச் சென்று, கண்ணிற்பட்ட பொருளையெல்லாம் எழுதினர். அன்றைய ஹாலந்தில் வணிகர் முதல் கைவினைஞர் வரை பலர் வீட்டிலும் ஓவியங்கள் தொங்கின. ஆகவே ஏலங்களில் மேசை, நாற்காலி, போர்வைகளோடு ஓவியங்களும் சேர்ந்தே விலை போயின.

ஏலம் பார்த்தவர், ஏலம் போனவர்

1639ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய ஏலம் நடந்தது. லூக்காஸ் வான் உஃபெலன் என்ற வணிகர் இத்தாலியில் வாழ்ந்த காலத்தில் ஈட்டிய கலைப்பொருள்கள் அன்று விற்பனைக்கு வந்தன. அவற்றுள் தலையாயது இத்தாலியப் பேரோவியர் ராஃபேல் வரைந்த கஸ்டிலியோனே என்ற அறிஞரின் உருவப்படம். ஸாண்ட்ரார்ட் என்ற ஜெர்மானிய ஓவியர் அதற்கு 3,400 கில்டர் வரை கேட்டார். அல்ஃபோன்ஸோ லோபெஸ் என்ற வணிகர் 3,500 கில்டருக்கு அதைத் தம்முடையதாக்கிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் முப்பத்திரண்டு வயது ஓவியர் ஒருவரும் இருந்தார். ஏலத்தில் வந்த படத்தை அவர் விரைவாக ஒரு தாளில் தீட்டிக்கொண்டார். அதன் ஓரத்தில் 3,500 கில்டர் என்ற விலையையும், சரக்கு முழுவதும் விற்ற 59,456 கில்டர் என்ற தொகையையும் குறித்து வைத்தார். அவரே ரெம்பிராண்ட். அத்தாள் இன்றும் வியன்னா நகரின் அல்பெர்டினா காட்சிசாலையில் உள்ளது. ராஃபேலின் படமோ பாரிஸின் லூவர் காட்சிசாலையில் உள்ளது. அடுத்த ஆண்டில் ரெம்பிராண்ட் அதே சாய்வில், அதே மிடுக்கில் தம்மையே ஒரு படமாக வரைந்தார். ஏலத்தில் விலை கொடுத்து வாங்க இயலாததை அவர் கண்ணால் வாங்கிக்கொண்டார் எனலாம்.

அந்த 1639ஆம் ஆண்டிலேயே அவர் 13,000 கில்டர் விலைக்குப் பெரிய வீடொன்றை வாங்கினார். புகழ் உச்சியில் இருந்த காலம் அது. கை நிறைய வந்த பொருளை அவர் பை நிறையச் சேர்க்கவில்லை. ஓவியம், அச்சுப்படம், உரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலை, தலைக்கவசம், கடற்சங்கு, கீழை நாட்டுக் கலைப்பொருள் என்று கண்டவற்றையெல்லாம் வாங்கிக் குவித்தார். வீட்டுக் கடன் மட்டும் தீரவேயில்லை. 1656இல் அவர் நொடித்துப்போனார்.

அவ்வாண்டு ஜூலை 25, 26 ஆகிய நாட்களில் மன்றத்து எழுத்தர் வந்து வீடு முழுவதையும் எழுதினார். முன்கூடம், பக்க அறை, கலைப்பொருள் அறை, ஓவியக்கூடம், சமையலறை என்று வரிசையாக 363 பதிவுகள் அப்பட்டியலில் உள்ளன. அதன் இறுதிப் பகுதி நம் உள்ளத்தைத் தொடுவது. சலவைக்குப் போயிருந்த சில சட்டைகளையும் கைக்குட்டைகளையும் மேசை விரிப்புகளையும்கூட எழுத்தர் விட்டுவிடவில்லை. நம் வீடுகளில் பெண்மணிகள் எழுதி வைக்கும் சலவைக் கணக்கைப் போன்ற அவ்வரிகளைப் படிக்கும்போது, உலகம் போற்றும் ஓவியர் ஒருவர் நம் அடுத்த வீட்டுக்காரர் போல நெருங்கி வந்துவிடுகிறார்.

ஏலம் பல தடவையாக நடந்தது. பொருள்கள் விற்ற விலை கடன்காரர்களை மகிழ்விக்கவில்லை. வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்த அச்சுப்படங்களும் கோட்டோவியங்களும் 600 கில்டரைக்கூட எட்டவில்லை. 1658இல் வீடும் 11,218 கில்டருக்குப் போயிற்று. ரெம்பிராண்ட் நகரின் மற்றொரு பகுதியில் வாடகை வீட்டில் குடியேறி, 1669இல் மறையும் வரை அங்கேயே வரைந்துகொண்டிருந்தார். ஏலம் அவருடைய உடைமையைக் கொண்டுபோயிற்று. அவருடைய கையைக் கொண்டுபோகவில்லை.

இனி, பட்டியல் செய்த நன்மையைப் பாருங்கள். அந்தப் பழைய வீடு 1911 முதல் ரெம்பிராண்ட் நினைவு இல்லமாக விளங்குகிறது. எந்த அறையில் எது இருந்தது என்று இன்று அதனை மீண்டும் அமைத்துக் காட்ட முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை 1656ஆம் ஆண்டுப் பட்டியலே. வீட்டைக் காலி செய்வதற்காக எழுதப்பட்ட தாள், மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் அவ்வீட்டை மீண்டும் நிரப்ப உதவியது.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியும் ஈண்டு உண்டு. ரெம்பிராண்ட் தம் பிற்காலத்தில், ஏறத்தாழ இந்த ஏலங்கள் நடந்த ஆண்டுகளிலேயே, மொகலாய அரசவை ஓவியங்களைப் பார்த்து மையால் படி எடுத்தார். ஷாஜகான் மன்னரின் உருவமும் அவற்றுள் அடங்கும். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1747இல் லண்டனில் ஜொனாதன் ரிச்சர்ட்ஸன் என்ற ஓவியரின் உடைமைகள் ஏலத்திற்கு வந்தன. ரெம்பிராண்ட் வரைந்த 'இந்தியப் படங்கள்' கொண்ட ஒரு தொகுதி, எண்ணிக்கை 25, என்று அந்த ஏலப் பட்டியல் கூறுகிறது. அத்தொகுதி பின்னர்ப் பிரிந்து பல நாடுகளுக்குப் போயிற்று. இன்று அறியப்படும் அத்தகைய படங்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்டவை. அவை ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தன என்பதற்குச் சான்று அப்பட்டியலின் ஒரே ஒரு வரிதான்.

ரொட்டிக் கடனும் முத்துத் தோடும்

அதே ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் யோகன்னெஸ் வெர்மீர் என்ற ஓவியர் வாழ்ந்தார். அவர் மெல்ல மெல்ல வரைபவர். வாழ்நாளில் வரைந்தவை மிகச் சில. 1675 டிசம்பரில் தம் நாற்பத்து மூன்றாம் வயதில், பெரிய குடும்பத்தையும் பெருங்கடனையும் விட்டு அவர் மறைந்தார். ஊரிலிருந்த ரொட்டிக் கடைக்காரருக்கு மட்டும் 617 கில்டருக்கு மேல் பாக்கி. கணவரின் ஓவியங்கள் இரண்டை அக்கடனுக்கு ஈடாக அவருடைய மனைவி கத்தரீனா கொடுக்க நேர்ந்தது. மளிகைக் கடைப் பாக்கிக்குப் பொறுப்பேற்ற எந்த இல்லத்தரசிக்கும் அவ்வம்மையாரின் மனநிலை விளங்கும்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. டெல்ஃப்டில் அச்சகம் நடத்திய யாக்கோப் டிஸ்ஸியஸ் என்பவர் சேர்த்து வைத்திருந்த ஓவியங்கள், அவர் மறைவுக்குப் பின் 1696 மே 16ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டன. அவற்றுள் 21 வெர்மீர் வரைந்தவை. அத்தனை வெர்மீர் ஓவியங்கள் ஒருசேர விலைக்கு வந்தது அதற்குப் பின் ஒருபோதும் இல்லை. டெல்ஃப்ட் நகரின் தோற்றம் 200 கில்டர். பால் ஊற்றும் பணிப்பெண் 175 கில்டர். தராசு ஏந்திய பெண் 155 கில்டர். இருபத்தொன்றும் சேர்ந்து ஏறத்தாழ 1,500 கில்டரே ஆயின. அறுபது ஆண்டுகளுக்கு முன் ராஃபேலின் ஒரே படம் பெற்ற விலையில் அது பாதியுமில்லை.

பின்னர் வெர்மீரின் பெயர் மங்கிற்று. அவர் படங்கள் வேறு ஓவியர்களின் பெயரால் விற்கப்பட்டன. 1881இல் ஹேக் நகரில் நடந்த ஏலமொன்றில் அழுக்கேறிய பெண் முகம் ஒன்று இரண்டு கில்டருக்குப் போயிற்று; ஏலக் கட்டணம் முப்பது காசு தனி. தலைப்பாகையும் முத்துத் தோடும் அணிந்து திரும்பிப் பார்க்கும் அந்தப் பெண்ணின் படத்தைக் காண இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் ஹேக் நகருக்கு வருகின்றனர். அதை வாங்கிய டெ டோம்ப் என்பார் 1902இல் மறைந்தபோது, மாரிட்ஷூயிஸ் என்னும் அந்நகரக் காட்சிசாலைக்கே அதை விட்டுச் சென்றார்.

மங்கிய பெயர் மீண்டது எவ்வாறு? 1752இல் ஹெரார்டு ஹூட் என்பவர் பழைய ஏலப் பட்டியல்கள் பலவற்றைத் தேடி, விற்ற விலையோடு தொகுத்து நூலாக அச்சிட்டார். அதில் 1696ஆம் ஆண்டுப் பட்டியலும் இடம்பெற்றது. அதற்கு நூறாண்டுகளுக்குப் பின் தொரே என்ற பிரெஞ்சு அறிஞர் வெர்மீரைத் தேடிப் புறப்பட்டபோது, இத்தகைய பட்டியல்களே அவருக்கு வழிகாட்டின. பால் ஊற்றும் பணிப்பெண், தராசு ஏந்திய பெண் என்ற சிறு சிறு குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, கிடைத்த படங்களோடு பின்வந்த ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர்.

அப்பட்டியலில் நம்மை நிறுத்தி வைக்கும் இடம் வேறொன்று உண்டு. ஓர் அறையில் ஒருவர் கை கழுவுகிறார், அதற்கு அப்பாலுள்ள அறையும் தெரிகிறது, அருகே சிலைகள் உள்ளன, அரிய வேலைப்பாடு. இவ்வாறு ஒரு படத்தைப் பற்றிய குறிப்பு அதில் உள்ளது. விலை 95 கில்டர். அந்தப் படம் இன்று எங்கும் இல்லை. எரிந்ததோ, நனைந்ததோ, யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றதோ? பார்த்தவர் எவரும் உயிரோடில்லை. ஆயினும் வெர்மீர் அப்படி ஒரு படம் வரைந்தார் என்று நாம் அறிகிறோம். ஓவியம் அழிந்தும் ஒரு வரி அழியாமல் நிற்கின்றது.

சென்னைக் கோட்டையிலிருந்து லண்டன் ஏலத்திற்கு

ஆம்ஸ்டர்டாமில் வேரூன்றிய ஓவிய ஏலம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலும் பரவிற்று. அந்நகரின் முற்கால ஏலங்களுள் ஒன்று சென்னையோடு தொடர்புடையது.

எலிஹு யேல் என்பவர் 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னை வந்தார். கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் நடந்த முதல் திருமணம் 1680இல் நடந்த அவருடைய திருமணமே. 1687 முதல் 1692 வரை அவர் கோட்டையின் ஆளுநராக இருந்தார். சொந்த வாணிகத்தில், சிறப்பாக வைர வாணிகத்தில், பெரும்பொருள் ஈட்டினார். பதவியைத் தம் ஆதாயத்திற்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளிடையே அப்பதவியை இழந்தார். மனிதரை அடிமைகளாகக் கப்பலேற்றும் கொடிய வாணிகமும் அந்நாளில் அத்துறையில் நடந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. சென்னையில் இறந்த தம் சிறு மகன் டேவிட்டுக்கு அவர் எழுப்பிய கல்லறைச் சின்னம், பிற்காலத்தில் சட்டக் கல்லூரி அமைந்த வளாகத்தில் இருந்தது. செல்வம் தாங்கி வந்த கப்பல்கள் நின்ற ஊரிலேயே அவருடைய பெருந்துயரமும் புதைந்தது.

1699இல் தாயகம் திரும்பிய யேல், தம் செல்வத்தைக் கொண்டு ஓவியங்களையும் கலைப்பொருள்களையும் வாங்கிக் குவித்தார். அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்கு 1718இல் ஒன்பது பொதி சரக்கும், 417 நூல்களும், மன்னரின் உருவப்படம் ஒன்றும் அனுப்பினார். அச்சரக்கு விற்று ஏறத்தாழ 560 பவுண்டு சேர்ந்தது. கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

1721இல் அவர் மறைந்ததும் லண்டன் வீட்டிலிருந்த பொருள்கள் ஏலத்திற்கு வந்தன. ஒரு நாளில் முடியக்கூடிய ஏலமன்று அது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. ஓவியங்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருந்தன. அவை இப்போது எங்கே உள்ளன எனத் தேடினால் பெரும்பாலானவற்றிற்கு விடையில்லை. அக்கால லண்டன் பட்டியல்களில் 'ஒரு நிலக்காட்சி', 'ஒரு முதியவரின் தலை' என்ற அளவில் எழுதிவிடுவது பெருவழக்கு. வரைந்தவர் பெயர் இல்லை, அளவு இல்லை, அடையாளம் இல்லை. ஆயிரம் நிலக்காட்சிகளில் எது இந்த நிலக்காட்சி என்று யார் கூறவல்லார்? பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. பெயரும் அடையாளமும் அதில் இருத்தல் வேண்டும் என்பதை யேலின் ஏலம் நமக்கு அறிவுறுத்துகின்றது.

வெறுமையான சுவர்கள்

ஜேம்ஸ் கிறிஸ்டி என்பவர் 1766 டிசம்பர் 5ஆம் நாள் லண்டனில் தம் முதல் ஏலத்தை நடத்தினார். அன்று விற்றவை படுக்கை விரிப்பு, தலையணை உறை போன்ற வீட்டுச் சாமான்கள். நாவன்மையால் கூட்டத்தைக் கட்டிப்போடும் ஆற்றல் வாய்ந்த அவர், சில ஆண்டுகளிலேயே ஓவிய ஏலத்தில் முதன்மை பெற்றார். ஓவியர் கெயின்ஸ்பரோ அவருக்கு நண்பர். கிறிஸ்டி ஓர் ஓவியத்தின் மேல் சாய்ந்து நிற்பதாக 1778இல் அவர் வரைந்த படம் புகழ் பெற்றது. இன்ன பொருளை இன்னார் கொடுத்தார், இன்னார் வாங்கினார், விலை இவ்வளவு என்று ஏலப் பட்டியலின் ஓரத்திலேயே குறித்து வைக்கும் வழக்கத்தை அந்நிறுவனம் தொடக்கம் முதலே கடைப்பிடித்தது. அக்குறிப்புகள் இன்று கலை வரலாற்றாசிரியர்க்குக் கருவூலமாக உள்ளன.

அவரிடம் ஒரு நாள் பெரிய பணியொன்று வந்தது. இங்கிலாந்தின் முதற் பிரதமர் எனப்படும் ராபர்ட் வால்போல், ஹௌட்டன் என்னும் ஊரில் மாளிகை எழுப்பி, அதன் சுவர்களை ரூபன்ஸ், வான் டைக், ரெம்பிராண்ட் முதலியோரின் ஓவியங்களால் நிரப்பியிருந்தார். அவருடைய மகன் ஹொரேஸ் அவ்வோவியங்களைப் பற்றி விரிவான பட்டியல் நூல் ஒன்று எழுதி 1747இல் வெளியிட்டார். தந்தை தேடியதைப் பேரன் காக்கவில்லை. கடனில் மூழ்கிய பேரன் ஜார்ஜ் அவற்றை விற்க முற்பட்டார்.

நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் வில்க்ஸ் 1777இல் எழுந்து, இவ்வோவியங்களை நாடே வாங்கி மக்கள் காணும்படி வைக்க வேண்டும் என்று வாதாடினார். செவிசாய்ப்பார் இல்லை. கிறிஸ்டி வந்து மதிப்பிட்டார். தொகை 40,555 பவுண்டு. 1779இல், ஏலக்கூடத்திற்கு வாராமலே, இருநூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் ரஷ்யப் பேரரசி கத்தரீனுக்கு விற்கப்பட்டுக் கப்பலேறின. முதுமை எய்திய ஹொரேஸ் வால்போல் தாம் பட்டியலிட்ட சுவர்கள் வெறுமையானதைத் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

வில்க்ஸ் விதைத்த எண்ணம் வீண்போகவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஓர்லியன்ஸ் கோமகனின் பெருந்தொகுதி லண்டனுக்கு வந்து, 1798 முதல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு விலை போயிற்று. அதிலிருந்து ஸெபஸ்தியானோ வரைந்த லாசருவின் உயிர்த்தெழுதல் என்னும் ஓவியத்தை ஆங்கர்ஸ்டைன் என்ற வணிகர் 3,500 கினிக்கு வாங்கினார். அவர் மறைந்தபின் 1824இல் அவருடைய 38 ஓவியங்களை அரசாங்கம் 57,000 பவுண்டுக்கு வாங்கி, நாட்டுக் காட்சிசாலையைத் தொடங்கிற்று. அக்காட்சிசாலையின் பட்டியலில் முதல் எண் பெற்றது அந்த லாசரு ஓவியமே. கோமகன் வீட்டில் சிலர் மட்டும் கண்டதை இன்று எவரும் கட்டணமின்றிக் காணலாம். ஏலமும் விற்பனையும் கெடுதலே செய்தன என்று நாம் கூறுவதற்கில்லை.

ஹௌட்டன் கதைக்கு ஓர் இறுதிப் பகுதி உண்டு. அம்மாளிகையின் பழைய மேசை அறையொன்றில், எந்தச் சுவரில் எந்த ஓவியம் மாட்டப்பட்டிருந்தது என்று காட்டும் வரைபடங்கள் கிடைத்தன. 2013ஆம் ஆண்டில் ரஷ்யாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பல ஓவியங்கள் சில திங்களுக்கு இரவலாக வந்தன. 234 ஆண்டுகளுக்கு முன் தாங்கள் விட்டுப்போன சுவர்களிலேயே அவை மீண்டும் ஏறின. மாளிகை மீண்டும் தன் பழைய முகத்தைக் கண்டது. பின்னர் அவை தத்தம் இடங்களுக்குத் திரும்பின. பொருள் திரும்பி வந்து தங்கவில்லை. ஆயினும் தன் இடத்தை அது மறக்கவில்லை. மறக்கவொட்டாமல் தடுத்தவை நூலும் வரைபடமுமே.

நம் வீட்டுப் பட்டியல்

இவ்வளவும் கூறியது எதற்கு? ராஃபேலும் ரெம்பிராண்டும் நம் வீடுகளில் இல்லை. ஆனால் நம் ஊர் வீடுகளில் பாகப் பிரிவினை நடந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். பெரியவர்கள் மறைந்தபின் விடுமுறை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் இரயிலில் சென்றோம். இங்கே நம் குடியிருப்பு வீடுகளில் இடமில்லை என்று அண்டாவும் தவலையும் குத்துவிளக்கும் எடைக்குப் போடப்பட்டன. தாத்தாவின் ஏட்டுச் சுவடிகளும் கூடத்தில் மாட்டியிருந்த தஞ்சாவூர்ப் படமும் யார் கையில் சேர்ந்தன என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்லுகிறோம். ஏலக்குரல் அங்கு ஒலிக்கவில்லை. சிதறல் மட்டும் நிகழ்ந்தது. அந்த மன்றத்து எழுத்தரைப் போல ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தால், பொருள் போனாலும் வரி நின்றிருக்கும்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். பாத்திரம் வாங்கியதும் பெயர் வெட்டுவது நம் குடும்பங்களின் வழக்கம். இன்னாருக்கு இன்னார் திருமணத்தில் அளித்தது என்று வெண்கலப் பானையின் கழுத்தில் வெட்டிய எழுத்து ஒரு பட்டியலின் வரியே அன்றோ? சீர்வரிசைக்கு எழுதிய கணக்கும் அத்தகையதே. பாட்டியின் பெயர் அவருடைய பானையின் கழுத்தில் மட்டுமே எழுதப்பட்டிருந்த வீடுகள் எத்தனையோ. பானை எடைக்குப் போனால் அப்பெயரும் உலையில் உருகிவிடுகின்றது.

ஆகவே இவ்வாண்டு விழாவிற்கு வரும் குடும்பத்தாரை ஒன்று வேண்டிக்கொள்ளுகின்றோம். பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த பொருள் ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள். என்ன பொருள், யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது, அதில் வெட்டியிருக்கும் பெயர் யாது என்பவற்றைத் தெளிவாகக் குறியுங்கள். 'ஒரு விளக்கு' என்று எழுதி விட்டுவிடாதீர்கள். யேலின் 'ஒரு நிலக்காட்சி' போல அது தொலைந்துபோகும். வீட்டிலுள்ள முதியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். விலையை எழுத வேண்டுவதில்லை. அதனை அந்தந்த நாளின் புகை முடிவு செய்யட்டும்.

முதல் தலைமுறையாக இங்கு வந்த நமக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது. நம் பேரப்பிள்ளைகளுக்கு இருக்கப்போவது அந்த வீட்டைப் பற்றிய சொல் மட்டுமே. அச்சொல்லை இன்றே எழுதி வைப்போமாக.